தொண்ணூற்றைந்து பாகை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆசிரிய ஆலோசகர் வருவார் என்ற கடிதத்தை, பள்ளிக்கூட அதிபர் வடிவேல் திங்கட்கிழமையே பரிமளத்தின் கையில் கொடுத்துவிட்டார். அவள் அதைப் படித்து முடிக்கும் வரையில் மேசை மீதிருந்த மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது தடவ டீச்சர். இதுக்கு மேல தவணை குடுக்க மாட்டாங்க."

அது அவளுக்குத் தெரியாததல்ல. பசறையிலிருந்து ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறும் பேருந்தின் கடைசித் தரிப்பிடத்தில் இருந்தது கல்மலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே விஞ்ஞானம் கற்பிக்க வந்தவள் பரிமளம். நான்கு ஆண்டுகள் கடந்தும் அவளது நியமனம் நிரந்தரமாகவில்லை. அதற்கு ஓர் அதிகாரியின் முன்னிலையில் ஒரு பாடத்தை நடத்திக் காட்டித் தேறவேண்டும். முதல் தடவை ஓர் அதிகாரி வந்தபோது அவள் நூலில் கல்லைக் கட்டி ஊசலாட விட்டு நேரத்தை அளந்தாள். கிடைத்த விடை பாடநூலின் விடையோடு ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகளோடு சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தவளை அவர் பாதியில் நிறுத்தினார். 'பாடநூலிலிருந்து விலகிச் செல்கிறார்' என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போனார். இம்முறையும் தவறினால் நியமனம் முடிவுக்கு வரும் என்று இப்போதைய கடிதத்தின் கடைசி வரி கூறியது.

"என்ன பாடம் எடுக்கப் போறீங்க?" என்றார் வடிவேல்.

"கொதிநிலைங்க சார். அட்டவணையில அதுதான் வருது."

"செய்முறை காட்டணுமா?"

"அதுக்குத் தனியாப் புள்ளி இருக்குங்க."

"அப்ப செய்ங்க. வெளக்கப் பத்த வைங்க, தண்ணிய வைங்க, கொதிச்சதும் நூறுன்னு சொல்லிட்டு எறக்கிருங்க. அவரு குனிஞ்சா பாக்கப் போறாரு? ஒங்க வகுப்புல வேற என்னமோ கணக்கு ஓடுதுன்னு கேள்விப்பட்டேன். அன்னைக்கு மட்டும் அது வேணாம் டீச்சர்."

"அதுதாங்க சார் சரியான கணக்கு."

"நான் தப்புன்னா சொன்னேன்? சரியாவே இருக்கட்டும். அவரு போன பொறகு சரியா இருக்கட்டும்."

அந்த வேறு கணக்கு ஒரு மாதத்துக்கு முன் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக ஒரு வெப்பமானி வந்திருந்தது. அதை வாசிக்கப் பழக்குவதற்காகத் தரம் பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் பரிமளம் கண்ணாடி முகவையில் நீரைக் கொதிக்க வைத்தாள். முன் வாங்கில் அமர்ந்திருந்த லக்ஷனா எழுந்து வந்து கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, "தொண்ணூத்தஞ்சு" என்றாள்.

"டீச்சர், அவளுக்கு மொதல்ல கண்ணாடி வாங்கிக் குடுங்க," என்றான் கடைசி வாங்கிலிருந்த இந்திரஜித். வகுப்பு சிரித்தது.

பரிமளம் குனிந்து பார்த்தாள். தொண்ணூற்றைந்துதான். இந்திரஜித் விளக்கின் திரியை இழுத்துவிட்டுச் சுவாலையைப் பெரிதாக்கினான். நீர் மேலும் ஆரவாரமாகக் குமிழியிட்டது. இரசம் அசையவில்லை. கொதிக்கத் தொடங்கிய நீருக்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அது ஆவியாகிப் போகுமே தவிர மேலும் சூடாகாது என்பதைப் பிள்ளைகள் அன்று கண்ணால் கண்டார்கள். பெரிய தீயில் பெரிய சூடு என்று நினைத்திருந்தவர்களுக்கு அதுவே ஓர் அதிசயம். ஆனால் ஏன் நூறு இல்லை?

'உயரம் கூடக் கூட வளிமண்டல அமுக்கம் குறையும். அமுக்கம் குறையக் கொதிநிலை குறையும்' என்ற வாக்கியத்தை அவள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து, எழுதி, புள்ளியும் வாங்கியிருந்தாள். அந்த வாக்கியம் தன் வீட்டு அடுப்பின் மேல் கொதிக்கும் கேத்தலைப் பற்றியது என்று முப்பத்துநான்கு வயது வரையில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. கல்மலை நாலாயிரத்து எண்ணூறு அடி உயரத்தில் இருக்கிறது. அன்று மாலை தாளில் கணக்கிட்டுப் பார்த்தபோது விடை தொண்ணூற்றைந்து என்று வந்தது. அவள் தனியே உட்கார்ந்து சிரித்தாள்.

மறுநாள் லக்ஷனாவே ஒரு சந்தேகத்தோடு வந்தாள். "வெப்பமானியே பிழையா இருந்தா என்னங்க டீச்சர் செய்யிறது?" பரிமளம் அவளைப் பாராட்டினாள். லக்ஷனாவின் தந்தை சனிக்கிழமை பசறைக்குப் போய் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதில் பாதி பேருந்திலேயே தண்ணீரானது. மீதிக்குள் வைத்த வெப்பமானி சரியாகப் பூச்சியத்தில் நின்றது.

"டீச்சர், மொனராகலையில எங்க சின்னம்மா வீட்டுல பருப்பு சீக்கிரம் வெந்துரும்," என்றாள் லக்ஷனா, அந்தப் பூச்சியத்தைப் பார்த்தபடியே. "இங்க அம்மா மணிக்கணக்கா வேக வைக்கும். அந்தூரு வெறகு நல்ல வெறகுன்னு அம்மா சொல்லும். வெறகு இல்லங்க டீச்சர். தண்ணிதான்."

அதைக் கேட்ட பிறகு பரிமளம் வகுப்புக்கு ஒரு கதை சொன்னாள். ஒரு பட்டியில் நீர்த்துணிக்கைகள் என்னும் ஆடுகள் அடைபட்டிருந்தன. பட்டியின் கதவில் காற்று என்னும் காவற்காரன் முதுகைச் சாய்த்து நின்றான். ஆடுகளுக்குச் சூடேறச் சூடேற அவை கதவை முட்டின. காவற்காரனின் பலத்துக்கு ஆடுகளின் பலம் சமமானபோது கதவு திறந்தது. மொனராகலைப் பட்டியின் காவற்காரன் நன்றாகத் தின்று கொழுத்தவன். அவனைத் தள்ள ஆடுகளுக்குப் பெருஞ்சூடு வேண்டும். மலைப் பட்டியின் காவற்காரன் மெலிந்தவன். கொஞ்சச் சூட்டிலேயே ஆடுகள் வெளியே வந்துவிடும். சூடு குறைவாக இருப்பதால் அந்த நீருக்குள் கிடக்கும் பருப்புக்குத்தான் நேரம் கூடுதலாக வேண்டும்.

"நம்ம தேயில வாச்சர் மாதிரி நோஞ்சானா டீச்சர்?" என்றான் இந்திரஜித்.

அந்த வாரம் முழுவதும் தோட்டத்துப் பிள்ளைகள் தத்தம் வீட்டு அடுப்புகளைப் புதிதாகப் பார்த்தார்கள். புத்தகம் தங்களைப் பற்றியும் பேசக்கூடும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை வந்த ஆலோசகரின் பெயர் கனகசபை. யாழ்ப்பாணத்தவர்; பௌதிகப் பட்டதாரி; இருபது ஆண்டுகளாகப் பதுளையில் வேலை. பேருந்திலிருந்து இறங்கியவர் யாருடைய வணக்கத்துக்கும் முகம் மலரவில்லை. புருவம் சுருங்கியிருந்தது; உதடுகள் இறுகியிருந்தன. வளைவுப் பாதையில் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது என்பதை யாரும் அறியவில்லை. கடுமையானவர் என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

பாடம் நன்றாகவே தொடங்கியது. பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். கனகசபை கடைசி வாங்கில் அமர்ந்து படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நீர் கொதித்தது. பரிமளம் முகவையை இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் அவர் எழுந்து மேசைக்கே வந்துவிட்டார். வந்ததோடு நில்லாமல் குனியவும் செய்தார். பிறகு முன் வாங்கைப் பார்த்தார்.

"நீர் வாரும் பிள்ளை. வாசிச்சுச் சொல்லும்."

லக்ஷனா வந்தாள். கண்ணை நேர்மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். "தொண்ணூத்தஞ்சு பாகைங்க சார்."

"புத்தகத்தில எவ்வளவு போட்டிருக்கு?"

பின்வாங்கிலிருந்து இந்திரஜித்தின் குரல் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. "நூறுங்க சார்."

"அப்ப இது ஏன் தொண்ணூற்றைஞ்சாய் நிக்குது?"

அது வெறும் கேள்வி. ஆனால் இறுகிய அந்த முகத்திலிருந்து வந்தபோது பரிமளத்துக்கு அது குற்றப்பத்திரமாகக் கேட்டது. ஊசலை நிறுத்திய பழைய அதிகாரியும் இப்படித்தான் தொடங்கினார். பாடநூலிலிருந்து விலகிச் செல்கிறார். நியமனம் முடிவுக்கு வரும்.

"சார், இங்க காத்து வந்து..." என்று லக்ஷனா தொடங்கினாள்.

"இன்னும் சரியாக் கொதிக்கலங்க சார்," என்றாள் பரிமளம்.

முகவைக்குள் நீர் உருண்டு புரண்டுகொண்டிருந்தது. முப்பது பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். பரிமளம் இரண்டாவது மதுசார விளக்கையும் எடுத்துப் பற்றவைத்து முக்காலியின் கீழே தள்ளினாள். கனகசபை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஐந்து நிமிடங்கள் சென்றன. முகவையில் பாதியிருந்த நீர் காலாகக் குறைந்தது. ஆவி கூரைத் தகரத்தில் படிந்து சொட்டியது. இரசம் நின்ற இடத்திலேயே நின்றது. எவ்வளவு எரித்தாலும் ஏறாது என்று அவளே ஒரு மாதத்துக்கு முன் பிள்ளைகளுக்குக் காட்டிய இரசம் அல்லவா அது?

"வெப்பமானியிலதாங்க சார் ஏதோ பழுது," என்றாள் அவள்.

லக்ஷனாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. டீச்சர் மறந்துவிட்டார் என்றே அந்தப் பிள்ளை நினைத்தது. உதவி செய்யும் எண்ணத்தோடு மெல்லச் சொன்னாள். "ஐஸுல வச்சுப் பாத்தோமேங்க டீச்சர். பூச்சியத்துல நின்னுச்சே."

ஒரு பொய் வந்தால் அது தனக்குத் துணையாக இன்னொன்றை அழைத்துக்கொள்ளும். மூன்றாவது வரும்போது அதற்கு ஓர் ஆள் தேவைப்படும்.

"அதுக்குப் பொறகுதானே நீ அதக் கீழ போட்ட?" என்றாள் பரிமளம். "கீழ போட்டா பழுதாகாம என்ன செய்யும்?"

"நான் போடலிங்க டீச்சர்."

"எதுத்துப் பேசாத. பலகையில நூறுன்னு எழுதிட்டுப் போயி உக்காரு."

லக்ஷனா வெண்கட்டியை எடுத்தாள். 'நீரின் கொதிநிலை 100 பாகை செல்சியஸ்' என்று எழுதினாள். எழுத்து கோணவில்லை; நேராகவே எழுதினாள். பிள்ளைகள் அனைவரும் தம் செய்முறைக் கொப்பிகளில் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். கனகசபை கடைசி வாங்குக்குத் திரும்பிப் போய்ப் படிவத்தின் மீதிக் கட்டங்களை நிரப்பினார்.

அதிபரின் அறையில் இஞ்சி போட்ட தேநீர் அருந்திய பிறகு கனகசபையின் முகம் தெளிந்தது. பேச்சிலும் கனிவு வந்தது. வடிவேல் அவரைப் பேருந்து வரையில் கொண்டுபோய் விடும்படி பரிமளத்தை அனுப்பிவைத்தார்.

தரிப்பிடத்தில் இருவரும் நின்றார்கள். பேருந்தின் சாரதி ஓட்டலுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லட்டே? குறை நினைக்கக் கூடாது," என்றார் கனகசபை. "அந்த வெப்பமானியில பழுதொண்டும் இல்லை. இந்த உயரத்தில தண்ணி தொண்ணூற்றைஞ்சிலதான் கொதிக்கும். இஞ்ச அமுக்கம் குறைவு. அதைப் பிள்ளையளுக்கு நீர் விளங்கப்படுத்துவீர் எண்டு நினைச்சுத்தான் ஏன் எண்டு கேட்டனான்."

பரிமளத்தின் கைகள் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டன.

"உம்மில எனக்குக் கோபமில்லை. உமக்கு ஆர் இதெல்லாம் படிப்பிச்சது? வசதி இல்லாத இடத்தில படிச்சு, திரும்ப அங்கையே வந்து படிப்பிக்கிறீர். நேரத்துக்கு வாறீர், பிள்ளையள் அமைதியா இருக்குதுகள். பதுளை ரவுன் பள்ளிக்கூடத்தில எண்டால் நான் விட்டிருக்க மாட்டன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இது காணும். திருப்தி எண்டு போட்டிருக்கிறன். இனி உமக்கு ஒரு பயமுமில்லை."

அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

எனக்குத் தெரியும் சார் என்ற சொற்கள் பரிமளத்தின் தொண்டை வரை வந்துவிட்டன. பட்டியையும் ஆடுகளையும் மெலிந்த காவற்காரனையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தாள். சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்திருந்தும் அந்தப் பிள்ளையின் மேல் ஏன் பழி போட்டீர்? அறியாதவளுக்கு அவர் இரக்கப்பட்டு நியமனம் கொடுத்துவிட்டார். அறிந்தவளுக்கு எதைக் கொடுப்பார்?

"நன்றிங்க சார்," என்றாள்.

சாரதி வந்து பேருந்தை முடுக்கினார். கனகசபை சாளரத்தோரம் அமர்ந்து கைக்குட்டையை ஆயத்தமாக மடித்துக்கொண்டார். புறப்படும்போது நினைவு வந்தவர் போலத் தலையை நீட்டினார்.

"அந்த முன்வாங்குப் பிள்ளை ஏதோ சொல்ல வந்தது. நீர் சொல்ல விட்டிருக்கலாம்."

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசற்படலையில் லக்ஷனாவின் தாய் காத்துநின்றார். வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் வந்திருந்தார். சேலை நனையாதிருக்க இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டியிருந்தார். பரிமளத்தைக் கண்டதும் தலையில் போட்டிருந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், எங்க புள்ள பள்ளிக்கூடத்துச் சாமானக் கீழ போட்டு ஒடச்சிருச்சாமே. பெரியவுங்க வந்த எடத்துல ஒங்களுக்கு மானக்கேடாப் போச்சுன்னு லயமே பேசுது. மன்னிச்சிருங்க டீச்சர்."

"அவ ஒடைக்கலங்க," என்றாள் பரிமளம். "அது ஒடையவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அந்தத் தாயின் கண்கள் கலங்கின. "நீங்க பெரிய மனசு பண்ணி அப்படிச் சொல்றீங்க. நேத்து ராத்திரி பூரா போடல போடலன்னு சாதிச்சுக்கிட்டே இருந்திச்சு. செஞ்சது கூடப் பரவால்ல, பொய் சொல்லக் கூடாதில்ல டீச்சர்? ரெண்டு போட்டுத்தான் அனுப்பியிருக்கேன்."

"நான் சொல்றது நெசங்க. அவ போடல."

"சரிங்க டீச்சர், சரிங்க," என்று அவர் கும்பிட்டார். நம்பவில்லை. இவ்வளவு நல்ல டீச்சர் கிடைத்ததற்காக மனம் நிறைந்து, துணியை மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டு மலைப் பாதையில் வேகமாக ஏறிப் போனார்.

வகுப்பில் லக்ஷனா தன் இடத்தில் இருந்தாள். இடது கை மணிக்கட்டுக்கு மேலே சிவந்திருந்தது. பரிமளம் கரும்பலகையில் நேற்றிலிருந்து அழியாமல் கிடந்த 100 என்ற இலக்கத்தை அழித்தாள். பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து நான் சொன்னது எல்லாம் பொய். தண்ணி நல்லாத்தான் கொதிச்சுச்சு. வெப்பமானி நல்லாத்தான் இருக்கு. லக்ஷனா அதக் கீழ போடல. எனக்குப் பயம் வந்துருச்சு, அதுனால அப்படிச் சொல்லிட்டேன். லக்ஷனா, என்னைய மன்னிச்சிரு."

பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பது பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. சிலர் குனிந்துகொண்டார்கள். லக்ஷனா எழுந்து நின்று, "பரவாயில்லிங்க டீச்சர்," என்றாள். கேட்கப்பட்டால் சொல்லவேண்டிய விடையைச் சொல்வதுபோல.

"அப்ப பரீட்சைக்கு எத டீச்சர் எழுதுறது?" என்றான் இந்திரஜித். இன்று அவன் கேலி செய்யவில்லை.

"கடல் மட்டத்துல நூறு. நம்ம கல்மலையில தொண்ணூத்தஞ்சு. ரெண்டும் சரி. எந்த ஊருன்னு பாத்து எழுதணும்."

"கேள்வியில எந்த ஊருன்னு போட்டிருப்பாங்களா டீச்சர்?"

பரிமளம் பலகையின் பக்கம் திரும்பினாள். "கொப்பியத் தொறந்து திருத்திக்கோங்க," என்றாள்.

கொப்பிகள் திறந்தன. லக்ஷனா மட்டும் எழுதாமல் கதவு வழியாக வெளியே, பேருந்து வரும் பாதையைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தினாள்.

"டீச்சர், இன்னைக்கு யாராச்சும் வாறாங்களா?"

குரலில் குத்தல் இல்லை. கோபமும் இல்லை. எந்த விடையை எழுதவேண்டும் என்று முடிவுசெய்ய அந்தப் பிள்ளைக்கு அது தெரியவேண்டியிருந்தது. மற்றப் பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பரிமளத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அது நல்ல கேள்வி என்று அவர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"இல்ல," என்றாள் பரிமளம். "யாரும் வரல."

லக்ஷனா தலையசைத்தாள். பேனாவை மூடி வைத்தாள். பெட்டியைத் திறந்து பென்சிலை எடுத்தாள். நேற்று பேனாவால் எழுதிய நூறை வெட்டாமல், அதன் பக்கத்தில், வேண்டும்போது அழித்துவிடக்கூடிய அளவு மெல்லியதாக, 95 என்று எழுதிக்கொண்டாள்.